ஜன்னலோர நாற்காலி

விஜயநகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஒரே ஆபீஸ் அடையாள அட்டை. இளையவள் மடியில் கேமராப் பை. அவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

"காலி ரூமைத்தான் அப்லோட் பண்ணேன் அக்கா. ஜன்னலோரம் நாற்காலில ஒரு பொம்பள உக்காந்திருக்காங்கன்னு அதுவே எழுதுது."

"எது எழுதுது?"

"வெப்சைட்ல படம் ஏத்தினா கீழ ஒரு வரி தானா வருமில்ல, அது. வாடகைக்கு விடுற வீடு."

"நாற்காலி மேல துணி ஏதாவது கிடந்திருக்கும்."

"ஒண்ணும் இல்ல. நாற்காலியையே க்ராப் பண்ணிட்டு மறுபடி ஏத்தினேன். இப்ப கதவுகிட்ட நிக்கிறாங்கன்னு வருது."

"ஹௌதா, நிஜமாவா?" பெரியவள் சிரித்தாள். "அதை அழிச்சிட்டு நீயே எழுத வேண்டியதுதானே."

"மறந்துபோய் கதவுகிட்டன்னு வந்ததையே பப்ளிஷ் பண்ணிட்டேன். ஓனர் பார்த்துட்டு போன் பண்ணார். பெண்டாட்டி தவறிப்போனப்புறம் ஒண்டியா இருக்கிறவர். நல்லா திட்டப்போறார்னு நெனச்சேன்."

"திட்டலையா?"

"இல்ல. வேற போட்டோ எடுத்துத் தரேன்னேன். அதுக்குத்தான் இப்ப வாட்டர் டேங்க் ஸ்டாப்ல இறங்கறேன். ஆனா அக்கா, முதல்ல நாற்காலின்னு வந்ததை நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல."

"சரி, அதுக்கென்ன?"

"'நாற்காலிலருந்து அவ எப்பம்மா எழுந்தா'ன்னு கேட்டார்."

வாட்டர் டேங்க் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். இளையவள் எழுந்திருக்கவில்லை.