மூன்றாம் கலனின் வால்வு

மேடையில் அமர்ந்திருக்கும் தொழிற்சங்கப் பெரியோர்களே, நிர்வாகத்தின் சார்பில் மாலையோடு வந்திருக்கும் மேலாளர் அவர்களே, அண்ணாச்சியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் இந்துமதி மதினி அவர்களே, தோழர்களே! மேலாளர் சார், அந்த மாலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஷிப்ட் சூப்பர்வைசர் நேசக்குமாராகிய நான் பேசி முடித்துவிடுகிறேன்.

யார் இந்தச் சுடலைக்கண்ணன் அண்ணாச்சி? உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரைக் காய்ச்சி மக்னீசியம் குளோரைடு எடுக்கும் நம் ஆலையில், இருபத்திரண்டு வருடம் கலனோடு கலனாக வெந்த ஆப்பரேட்டர்! கம்பு முனையில் அம்மோனியாவில் நனைத்த துணியைச் சுற்றி, குழாய் மூட்டுகளில் காட்டிக்கொண்டே வருவார். ஆசிட் கசிந்தால் அங்கே வெள்ளைப் புகை எழும்.

டீக்கடையிலும் இதே பேச்சுதான். "கார்பனேட்டைச் சூடாக்கினா கரியமில வாயுவை விட்டுட்டு அடங்கிரும். நைட்ரேட் பழுப்புப் புகையைக் காட்டிட்டுத்தான் அடிக்கும். இந்தக் குளோரைடு இருக்கே, தண்ணி இருக்க மட்டும் சாதுலே. தண்ணி வத்திட்டுன்னா ஆசிட்டாக் கக்கும்" என்பார்.

ஒன்பதாம் தேதி காலை அதுதான் நடந்தது. ஆசிட் வாயுவைக் கழுவும் தண்ணீர் பம்பு நின்றுபோனது. நாற்றம் ரோடு வரை போனது. மூன்றாம் கலனுக்கு அடியில் எரியும் தீயை அணைக்க வேண்டும் என்று அண்ணாச்சி ஷிப்ட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டு விருந்தினர் வரும் நேரம், நாற்றம் வெளியே வரக்கூடாது, வேலையும் நிற்கக்கூடாது, தீ எரியட்டும், வாயு போகும் வால்வை மட்டும் மூடு என்று போனில் உத்தரவு வந்தது. யார் போட்ட உத்தரவு? மேலாளர் சார், உங்களுக்குத் தெரியாதா?

கலன் அலறியது. அண்ணாச்சி வால்வைத் திறக்க ஓடினார். எதிரே நின்ற என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, "வெளிய ஓடுலே நேசா!" என்றார். மூடி பிய்த்துக்கொண்டு கூரையைக் கிழித்தது. கொதிக்கும் குழம்பு அவர் மேல் கொட்டியது. ஆசிட் புகைக்குள் அவர் கத்திய கத்தல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஐயோ, எப்படிப் போகும்?

அவரே தவறுதலாக வால்வை மூடினார் என்கிறது நிர்வாகத்தின் அறிக்கை. பொய்! மூடியது இந்தக் கை. வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன் என்று பயந்து அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும், ஷிப்ட் புத்தகத்தில் அவர் எழுதிய பக்கத்தைக் கிழித்ததும் இதே கைதான்.

மதினி, இந்தாருங்கள் அந்தப் பக்கம். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. நாளைக் காலை விசாரணை அதிகாரி முன்னால் இதையெல்லாம் சொல்வேன். தோழர்களே, வெள்ளைப் புகை கண்டால் எவன் உத்தரவுக்கும் காத்திராமல் தீயை அணைப்போம் என்று அவர் படத்தின் முன் சத்தியம் செய்வோம்.

மேலாளர் சார், இப்போது அந்த மாலையைப் போடுங்கள். போடக் கை வருகிறதா, பார்ப்போம்.