நீல நாற்காலியில் மூன்றே முக்கால் வரை

என் பெயர் சுப்புலட்சுமி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் நாச்சிமுத்து. திருப்பூர் அங்கேரிபாளையம் சாலைக்கு மேற்கே முருகன் கோயில் வீதியில், நிதி நிறுவனத்தின் காகிதங்களில் அடமானச் சொத்து என்று குறிப்பிடப்படும் வீட்டில் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். தைத்து வரும் துணிகளில் தொங்கும் நூல் முனைகளைச் சின்னக் கத்தரியால் நறுக்குவதுதான் இந்தத் தொழில்.

இன்று முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி அளவில் எங்கள் குடும்பம் ஒரு பெரிய முடிவை எடுத்தது. கடன் வசூலுக்கு வருகிறவரைச் சிவப்பு நாற்காலியிலிருந்து எழுப்பி நீல நாற்காலியில் உட்கார வைப்பது என்பதே அம்முடிவு. என் கணவர் படுக்கையிலிருந்தபடி ஆதரித்தார். பக்கத்து வீட்டு மருதாள் கடுமையாக எதிர்த்தார். இரு தரப்பையும் கேட்டு, ஆற அமர யோசித்து, நீல நாற்காலி என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இன்று நடந்த அனைத்துக்கும் அதுவே காரணம்.

தாங்கள் முன் விவரம் கேட்டதால் சொல்கிறேன். என் கணவர் நான்கு தையல் மிஷின்கள் போட்டு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து வந்தார். மிஷின் வாங்க வீட்டை அடமானம் வைத்தோம். போன வருடம் ஆடி மாதத்தில் அவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. அதன் பிறகு செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ் செய்து வருகிறார். அதன் பிறகு மிஷின்களை ஒவ்வொன்றாக விற்றோம். விற்க மிஷின் இல்லாத மாதத்திலிருந்து தவணை தவறியது.

இரண்டு தவணை தவறிய பிறகு ஆஸ்பத்திரி காகிதங்களுடன் நானும் கணவரும் நிறுவனத்தின் கிளைக்குச் சென்றோம். டயாலிசிஸ் முடிந்து நேராகப் போனதால் அவர் கையில் கட்டு இருந்தது. கிளை மேலாளர் நித்தீஷ் என்பவர் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து விட்டிருப்பதால் என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கடனோடு சேர்த்து எங்கள் தலையில் கட்டிய காப்பீடு உதவுமா என்று கேட்டேன். மேலாளர் கணினியில் பார்த்துவிட்டு, "அண்ணா தவறியிருந்தா மொத்தக் கடனும் குளோஸ் ஆகியிருக்குங்க. உயிரோட இருக்கறதுனால கம்பெனி ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். சிரமம் கொடுத்ததற்கு என் கணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு மேலாளர், முப்பதாம் தேதி மாலை நான்கு மணிக்குள் இரண்டு தவணையும் வராவிட்டால் திங்கட்கிழமை வீட்டுக்குச் சீல் வைக்கப்படும் என்றார்.

இந்தப் புதன்கிழமை முதல் முனீஸ் என்ற வசூல் அலுவலர் எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எட்டு மணிக்கு முன்னால் கடன்காரர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று விதி உள்ளதாம். ஆகையால் ஏழரை முதல் எட்டு வரை அவர் வீதி முனையில் பைக் மேல் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எட்டு அடித்ததும் வந்து வணக்கம் சொல்வார். வாசல் கேட்டில், ஊரே பார்க்கும்படி உட்கார்ந்து, பணம் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அவருக்கு இடப்பட்ட உத்தரவு. நாங்கள் சிவப்பு நாற்காலியைப் போட்டுக் கொடுத்தோம்.

ஊரும் பார்த்தது. முதல் நாள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள், எப்படியும் நாள் முழுக்க இங்கேதான் இருக்கப் போகிறார் என்று, வீட்டுச் சாவிகளை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலைக்குள் ஐந்து வீட்டுச் சாவியும் ஒரு கேஸ் சிலிண்டரும் அவர் பொறுப்பில் இருந்தன.

இன்று காலை சாக்கு மூட்டைகளை ஏற்றி இறக்கக் கேட்டில் இடம் தேவைப்பட்டதால்தான் நாற்காலிப் பிரச்சினை எழுந்தது. "வசூலுக்கு வந்தவன ஊட்டுக்குள்ள உட்டா, ஊடே அவனுதுன்னு ஆயிருமுங்க" என்று மருதாள் சொன்னார். "வெளிய உக்கார வெச்சாலும் ஊடு அவங்களுதுதானுங்க. உள்ள உக்காந்தா அந்தப் பையனுக்குக் காத்தாவது வரும்" என்று என் கணவர் சொன்னார். அதன் பிறகு நான் மேற்படி முடிவை எடுத்தேன்.

நீல நாற்காலியைப் பற்றி இங்கே விளக்க வேண்டியுள்ளது. அது மின்விசிறிக்கு நேர் கீழே, துணிக் குவியலை ஒட்டிக் கிடக்கும். அதன் கையில் ஒரு கத்தரி நூலால் கட்டப்பட்டிருக்கும். அதில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் பிசிறு வெட்டுவார். இது யாரும் சொல்லி வந்த பழக்கமல்ல. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் வெட்டியிருக்கிறார். என் கணவரின் நோயை விசாரிக்க வரும் உறவினர்கள் விசாரித்துக்கொண்டே வெட்டுவார்கள். அவருக்கு மிகவும் முடியாத நாட்களில் விசாரிப்பு நீள்வதால் வேலை கூடுதலாக முடியும்.

முனீஸ் உட்கார்ந்ததும் நான் அவர் இடது கையில் காபி டம்ளரைக் கொடுத்தேன். வலது கை தானாகக் கத்தரியை எடுத்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், "எங்கம்மாவும் இந்த வேலதான்க்கா பாத்துச்சு. ராமநாதபுரத்துல இருந்து இங்கன வந்த புதுசுல, இந்த மாதிரி துணிக் குமியல் மேலதான் என்னையப் போட்டு வச்சிருக்கும்" என்றார். அதன் பிறகு அவர் காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்தார்.

பத்து மணிக்கு, எனக்குப் பிசிறு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் ராஜவேல் போன் செய்தார். மாலை ஆறு மணிக்கு வர வேண்டிய வண்டி மூன்றரைக்கே வருகிறது என்றும், ஷிப்மெண்டை முன்னால் தள்ளிவிட்டார்கள் என்றும் சொன்னார். "லாட்டு ஏறுச்சுன்னா பழைய கூலிப் பாக்கி அத்தனையும் இன்னைக்கே கையில குடுத்தர்றனுங்க. ஏறலைன்னா அடுத்த மாசந்தானுங்கக்கா" என்றார். அந்தப் பாக்கிதான் எங்கள் இரண்டு தவணை. லாட்டு என்றால் ஒரே தடவையில் அனுப்ப வேண்டிய மொத்தத் துணி; அந்தக் குவியலோ என் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அந்த நிமிடம் முதல் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருதாள் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தார். அரை நாள் ஷிப்ட் முடித்தவர்கள் முனீஸிடம் சாவி வாங்க வந்தார்கள். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கையும் துணியில் இருந்தன. "செத்த உக்காருங்கண்ணே, இந்தப் பீஸ முடிச்சிட்டுத் தாரேன்" என்றார். உட்கார்ந்தவர்கள் கத்தரியை எடுத்தார்கள். பகல் பன்னிரண்டரை மணிக்கு எங்கள் வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். காலையிலிருந்தே ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் மேலாளர் முனீஸுக்குப் பல முறை போன் செய்திருக்கிறார். போன் குவியலுக்கு அடியில் போய்விட்டது. வசூல் அலுவலர் மணிக்கு ஒரு முறை கடன்காரர் வீட்டிலிருந்து தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று விதியாம். போன் அடியில் போவதற்கு முன், பதினொன்றரைக்கு முனீஸ் அனுப்பிய கடைசிப் படம்தான் தங்களிடம் சாட்சியமாகக் கொடுக்கப்பட்டுள்ளது. அதில் அவர் கழுத்து வரை துணிக்குள் இருப்பது உண்மை. கண்கள் சிவந்து நீர் வழிவதும் உண்மை, பஞ்சுத் தூசி. பின்னால் மருதாள் கத்தரியை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். அவர் அப்போது ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு இன்னும் ஒரு மூட்டை பாக்கி. என் கணவர் தனக்கும் கொடுக்கும்படி கேட்டார். டயாலிசிஸ் ஊசி போடும் இடது கையில் பளு கூடாது. அவர் துணியைப் பல்லில் கவ்விக்கொண்டு வலது கையால் வெட்டினார். "பாஸ்போர்ட் இல்லாம என்ற எச்சில் வெளிநாடு போகுதுங் சாமி" என்று முனீஸிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது ஆடி மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

வண்டி ஹாரன் அடித்தபோது கடைசித் துணி என் கணவர் வாயில் இருந்தது. டிரைவர், "ஏறுதா இல்லீங்களா?" என்று கத்தினார். "ஏறுதுங்க, ஏறுதுங்க" என்று வீதியே கத்தியது. முனீஸ் தலைக்கு ஒன்றும் தோளுக்கு ஒன்றுமாக மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். லாட்டு முழுவதும் ஏறியது. ராஜவேல் சொன்ன வாக்குப்படி கூலியை என் கையில் கொடுத்தார். மருதாள் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது இத்தனை வருடம் பக்கத்தில் குடியிருந்தும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு முனீஸ் முகம் கழுவி, சட்டையை உதறி, அடையாள அட்டையை எடுத்து வெளியே தொங்கவிட்டு, மீண்டும் நீல நாற்காலியில் உட்கார்ந்தார். "மேடம், நிறுவனத்தின் சார்பாக உங்களுடைய நிலுவைத் தொகையைப் பெற்றுக்கொள்ள வந்துள்ளேன்" என்றார். நான் இரண்டு தவணையையும் கொடுத்தேன். மூன்றே முக்காலுக்கு ரசீது போட்டுக் கொடுத்தார். நான் அதை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் மேலாளர் நித்தீஷ் இரண்டு போலீஸ்காரர்களோடு உள்ளே வந்தார். "முனீஸ், ஆர் யூ சேஃப்?" என்று கேட்டார். "சேஃப்தான் சார், லாட்டு ஏறிருச்சு" என்று முனீஸ் சொன்னார். நான் ரசீதைக் காட்டினேன். மேலாளர் அதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இது செல்லாதுங்க. போன் எடுக்காததுக்காக இவர மத்தியானம் பன்னெண்டு மணிக்கே டிஸ்மிஸ் பண்ணியாச்சு, மெயில் போயிருக்கு. வேலையில இல்லாதவர் போட்ட ரசீதுக்குக் கம்பெனி பொறுப்பில்லீங்க" என்றார். இந்தப் பணத்தை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கிளையில்தான் கட்ட வேண்டும், கிளை நான்கு மணிக்கு மூடிவிடும் என்றார். கடிகாரத்தைப் பார்த்தோம். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, யாரும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு எல்லோரும் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டோம். மேலாளர் தன் கைப்பட ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். பணியில் இருந்த தம் நிறுவன அலுவலரை நான் காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை வீட்டுக்குள் அடைத்து வைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கினேன் என்பது அதன் சாரம். தாங்கள் அதைப் படித்துவிட்டு, "பன்னெண்டு மணிக்கு மேல இவர் உங்க ஆளா, இல்லையா? உங்க ஆள்னா ரசீது செல்லும். இல்லைன்னா உங்க ஆளை அடைச்சு வெச்சதா எழுதினது பொய்ப் புகார். எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டீர்கள். அவர் தலைமை அலுவலகத்தைக் கேட்டுச் சொல்வதாக வெளியே போனார். இப்போதும் புங்க மரத்தடியில் போனும் கையுமாக நிற்கிறார்.

என் கணவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் என் காதில், "ஒத்துக்க அம்மணி. ஒண்ணு உடாம ஒத்துக்க" என்று சொன்னார்.

ஆகவே நான் மனமுவந்து கூறுவது: மேற்படி முனீஸ், நிறுவனத்தின் பணியில் உள்ள வசூல் அலுவலர் என்ற முறையிலேயே எங்கள் வீட்டில் மூன்றே முக்காலுக்கு இருந்தார். பன்னிரண்டு மணிக்கும் இருந்தார். இடையில் ஒரு நிமிடம் கூட அவர் வேறு யாராகவும் இருக்கவில்லை. அவரை நான்தான் பிடித்து வைத்தேன். காபி கொடுத்து வைத்தேன். மத்தியானம் தக்காளிச் சாதம் கொடுத்தும் வைத்தேன். எங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இருந்திருந்தால் போட்டிருப்பேன். இப்படிச் சொன்னால் என் மேல் கேஸ் ஆகும், யோசித்துச் சொல்லுங்கள் என்று தாங்கள் எச்சரித்தீர்கள். "எழுதுங்க கண்ணு" என்று நான் பதில் சொன்னேன். காவல் அதிகாரியை அப்படி அழைத்ததற்கு மன்னிக்கவும். தன்னை நன்றாகவே அடைத்து வைத்திருந்ததாக முனீஸும் சொல்லத் தயாராக இருக்கிறார்.

இதில் கண்டவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டவை. படித்துக் காட்டக் கேட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. என் குற்றத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதியிருக்கலாம் என்பதைத் தவிர எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

(ஒப்பம்) நா. சுப்புலட்சுமி

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) சித்ராதேவி, காவல் உதவி ஆய்வாளர்

பின்குறிப்பு: மாலை ஆறு இருபதுக்குப் புகார்தாரர் திரும்பி வந்து, முனீஸ் என்பவர் இன்று மாலை நான்கு மணி வரை நிறுவனத்தின் பணியில் இருந்தார் என எழுதிக் கையொப்பமிட்டார். ரசீது ஏற்கப்பட்டது. திங்கட்கிழமை சீல் நடவடிக்கை ரத்து. வாக்குமூலம் அளித்தவர் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டு, சொந்தப் பிணையில் அனுப்பப்பட்டார். அவரது அடுத்த தவணை வரும் ஐந்தாம் தேதி.