வெட்டுமுகத்தில் ஒரு முத்திரை

இந்த அறை நல்ல கதகதப்பாக இருக்கிறது, மேடம். கீழே கொதிகலனில் மரக்குச்சிதான் எரிகிறது என்று காவலர் சொன்னார். எங்கள் பள்ளத்தாக்கு மரமாகக்கூட இருக்கலாம். நிலக்கரி எரித்த காலத்தில் ஒரு திருட்டு வழக்குக்குச் சாட்சி சொல்ல இதே கட்டடத்துக்கு வந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இப்போது எவ்வளவோ தேவலை.

கவ்ரில் ஹோதோர் என்று எழுதிக்கொள்ளுங்கள். மாரமுரெஷ் மலைக்காட்டில் முப்பது வருடமாக வனவர். முதலில் என் சுத்தியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தானே நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். ஒவ்வொரு வனவருக்கும் எண் பொறித்த சுத்தியல் ஒன்று உண்டு. வெட்டலாம் என்று முடிவு செய்த மரத்தின் அடியில் பட்டையைச் சீவி ஓங்கி ஓர் அடி அடித்தால் அந்த எண் பதியும். மரம் விழுந்த பிறகு அடிக்கட்டையின் வெட்டுமுகத்தில் இன்னொரு அடி. முத்திரை இல்லாமல் கிடக்கும் மரம் திருட்டு மரம். சுத்தியலை வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. கட்டின பெண்டாட்டியைக் காட்டிலும் அதைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று என் மனைவி ஃப்ளொரிகா குத்திக்காட்டுவாள்.

பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நிலக்கரி கூடாது, மரம் எரிக்கலாம், மரம் திரும்ப வளரும் என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்களிடம் இருப்பதை ஐரோப்பா முதல் தடவையாகக் கேட்டது. ஒரே நிபந்தனை, நோயுற்ற மரமும் சாய்ந்த மரமும் கிளையும் தூளும்தான் போகலாம். மரத்தைப் பொடியாக்கி, சுண்டுவிரல் அளவு குச்சிகளாக அழுத்தும் ஆலை ஒன்று வந்தது. இத்தாலிக்குக் கிழவர்களைக் குளிப்பாட்டப் போயிருந்த எங்கள் பெண்களில் சிலர் வேலைக்குத் திரும்பி வந்தார்கள். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஆலையின் வயிறு பெரியது. நோயுற்ற மரங்கள் சீக்கிரமே தீர்ந்துபோயின. பிறகு, நோய் வரக்கூடிய மரங்களுக்கு முத்திரை அடித்தேன். அதற்குப் பிறகு, நோய் வந்தால் தாங்காது என்று எனக்குத் தோன்றிய மரங்களுக்கு. மேல்சரிவில் பீச் என்கிற பழைய காட்டு மரங்கள் திடகாத்திரமாக நின்றன. அவற்றுக்கும் காகிதத்தில் காய்ச்சல் வந்தது. மரம் திரும்ப வளரும் என்று சொன்னது நான் இல்லையே.

சிமியோன் என் காட்டில் வனக்காவலர். வேலை வாங்கிக் கொடுத்தது நான். அவனுக்கும் சவேதாவுக்கும் கல்யாணம் நடந்தபோது ஞானப் பெற்றோராக மெழுகுவத்தி பிடித்து நின்றது நானும் ஃப்ளொரிகாவும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் ஞானப் பெற்றோர் உறவு ரத்த உறவுக்கு ஒரு படி மேல். ஞானத்தகப்பனை 'நாஷு' என்று கூப்பிடுவார்கள். சாகும்வரை அவன் என்னை அப்படித்தான் கூப்பிட்டான்.

ஈஸ்டருக்கு மறுநாள், முறைப்படி பின்னல் ரொட்டி சுமந்துகொண்டு இருவரும் வந்தார்கள். ஃப்ளொரிகா ஆட்டுக்கறி பரிமாறினாள்.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்கே? குடி" என்றேன்.

"போதும் நாஷு. நீங்க ஊத்துற அளவுக்கு நான் என்ன குதிரையா?"

"குதிரைன்னா பரவாயில்லையே, தானா வீட்டுக்கு வழி கண்டுபிடிச்சிடும்" என்றாள் சவேதா.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு முன்பே, என் எண் பதிந்த பீச் மரங்களைப் படம் எடுத்து பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பியிருந்தான். ஆலைக்காரர் ஒருவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. புகார் செய்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. செய்துவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்து, என் கறியைத் தின்று, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தானே, அது நெஞ்சை அறுத்தது. என்னிடம் நேரில் சொல்லியிருந்தால் சுத்தியலைக் கீழே வைத்திருப்பேன். வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெந்தெகொஸ்தே விருந்து நாளில் ஊரே கோயிலில் இருந்தது. அவனை மேல்சரிவுக்கு வரச் சொன்னேன். புயலில் முறிந்த பீச் ஒன்று பக்கத்து மரத்தின் கவட்டையில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட மரத்தின் கீழே நிற்கக்கூடாது என்று காட்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். சுற்றளவை அளந்து சொல் என்றேன். கேட்டது நான் என்பதால் போய் நின்றான். தாங்கிய மரத்தை மறுபக்கத்தில் முக்கால்வாசி அறுத்து வைத்திருந்தேன். அறுத்தது அவனுடைய ரம்பத்தால்தான், முதல் நாளே இரவல் வாங்கியிருந்தேன். ஆப்பை வைத்து இரண்டு தட்டு தட்டினேன். இரண்டு மரங்களும் சேர்ந்து இறங்கின.

அவன் இடுப்புக்குக் கீழே மரம் அழுத்திக் கிடந்தது. பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"நாஷு, வலிக்கல. காலு இருக்கிறதே தெரியல. கீழ போய் ஆளக் கூட்டிட்டு வாங்க."

"ஈஸ்டருக்கு முன்னாடியே அனுப்பிட்டியாடா?"

"ஆமா. சொல்லணும்னுதான் அன்னைக்கு வந்தேன். வாய் வரல. மன்னிச்சிடுங்க நாஷு."

"மன்னிச்சிட்டேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"சவேதா முழுகாம இருக்கா. சீக்கிரம் போங்க."

அதையும் எனக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறான், மேடம். பெற்ற தகப்பனுக்கு முன்னால் ஞானத்தகப்பனுக்குச் சொல்ல வேண்டிய சேதி. பக்கத்தில் இருந்த பாறையில் உட்கார்ந்தேன். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சத்தம் நின்ற பிறகு எழுந்து பார்த்தேன். வெட்டிய மரம் முத்திரை இல்லாமல் கிடந்தது. அடிக்கட்டையில் ஓர் அடி அடித்தேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. ரம்பத்தை அவன் அருகில் வைத்துவிட்டு விருந்துக்கு இறங்கிப் போனேன். கறி வைத்த முட்டைகோசு இலைச் சுருளை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திருட்டுத்தனமாக வெட்டப் போய் மாட்டிக்கொண்டான் என்று ஊர் நம்பியது. நீங்கள்தான் சரிவு ஏறி வந்து வெட்டுமுகத்தைப் பார்த்தீர்கள். செத்தவன் எழுந்து உன் சுத்தியலால் முத்திரை அடித்தானா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

ஆக, சிமியோனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். அவனை மன்னித்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒரே ஒரு உதவி. குழந்தை பிறந்துவிட்டதாம், பையனாம். கல்யாணத்துக்கு நின்றவர்கள்தான் ஞானஸ்நானத்துக்கும் குழந்தையை ஏந்த வேண்டும், எங்கள் முறை அது. சவேதா இன்னும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. புருஷனைப் போலவே அவளும் என்னிடம் மறைக்கிறாள். ஞானஸ்நானம் என்றைக்கு என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், மேடம், அன்றைக்கு ஒரு நாள் என்னை அனுப்பிவையுங்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. நானும் போகாவிட்டால் அதற்கு யார் இருக்கிறார்கள்?