மஞ்சள் பூசிய டிரம்

காப்பியை ஆறவிடாமல் குடியுங்கள், டாக்டரம்மா. எங்கள் வீட்டு எவர்சில்வர் அண்டாத் தண்ணீரில் போட்டது, தாராளமாகக் குடிக்கலாம். ஊரில் எல்லா வீட்டிலும் நீல டிரம் நிற்க, ஆதிமூலம் வீட்டில் மட்டும் ஏன் அண்டா என்று கேட்டீர்கள். மாதக்கணக்கில் தெருத் தெருவாகப் போய்ப் புற்றுநோய்க்காரர்களை விசாரிக்கிறீர்கள், இதை இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் புளுகினதில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நைனார்பாளையம் கடைத்தெருவில் நான் பூச்சி மருந்துக் கடை வைத்தது பருத்திக் காலத்தில். அப்போதெல்லாம் பருத்திக்கு அடிக்கிற மருந்து பெரிய டிரம்மில் வரும். நாங்கள் சில்லறையாக ஊற்றிக் கொடுப்போம். காலி டிரம்மைக் கடப்பாறையால் குத்தி ஓட்டை போட்டுவிட வேண்டும், யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சரக்கு கொண்டுவருகிறவன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவான். ஒன்றைக் குத்தினேன். ஆக்கி வைத்த சோற்றைத் தெருவில் கொட்டியது போல மனசு கஷ்டப்பட்டது. நல்ல கெட்டியான சாமான். எதையும் வீணாக்கினால் எனக்கு ஆகாது, அது பிறவிக் குணம்.

அந்த வருஷம் மழை இல்லை. கல்வராயன் மலைப் பக்கம் கறுக்கும், இந்தப் பக்கம் ஒரு தூறல் விழாது. ஊர்க் குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது, வருகிற அன்றைக்குப் பிடித்து வைக்கப் பாத்திரம் இருக்காது. என் நிலத்தில் பாடுபட்ட இருசம்மாளுக்குத்தான் முதல் டிரம் கொடுத்தேன். சும்மாதான் கொடுத்தேன். சில நாளில் அதை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இன்னாண்ணா, எத்தினி வாட்டி கழுவினாலும் மருந்து வாடை போவ மாட்டேங்குது. சோறு வேவும்போதே அடிக்குது. புள்ளைங்க வாயில வெக்க மாட்டேங்குதுங்க."

அவள் சொன்னதை நான் அலட்சியப்படுத்தவில்லை. டிரம்மை வாங்கி வைத்தேன். சாணியைக் கரைத்து ஊற்றி வெயிலில் நிறுத்தினேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் அடித்தது. அடுப்புக்கரியைப் போட்டு ஊறவைத்து, காய்ந்ததும் உள்ளே சாம்பிராணி போட்டு மூடினேன். மறுநாள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தால் கோயில் வாசம். இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது செய்தவனுக்குத்தான் தெரியும். இருசம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதிலிருந்து ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் என் சீர் ஒரு டிரம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிவிட்டால் சீர்த் தட்டுகளோடு மேளம் முழங்கப் போகும். "ஆதிமூலம் வூட்டு டிரம்மு வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தியிலேயே உட்காருவார்கள். புதுப்பெண் அதில் மொண்டுதான் முதல் உலை வைப்பாள். இப்படி ஒரு மரியாதை ஊரில் வேறு யாருக்கு உண்டு, சொல்லுங்கள்.

என் மகளைத் தியாகதுருகத்தில் கொடுத்தபோது மட்டும் அண்டா வாங்கினேன். என் மனைவி ஆண்டாள் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் டிரம்மு, நம்ம பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு அண்டா?"

"டவுன்காரங்க. கௌரவமா இருக்கணும்ல" என்றேன்.

அப்போதே இன்னொரு அண்டாவும் வாங்கி இந்த வீட்டில் வைத்தேன். ஆண்டாள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து உலைக்கு அதில்தான் மொண்டாள்.

முதலில் படுத்தது இருசம்மாள். வயிற்றில் கட்டி. ஊரில் நல்லது கெட்டது எதையும் நான் விட்டதில்லை, அவளையும் போய்ப் பார்த்தேன். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டாள். அவள் மகள் தைலம்மாள் கொல்லைப்புறம் போயிருந்தாள். நானே டிரம்மில் மொண்டு, தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினேன். குடித்து முடித்தவள், "நீங்களும் ஒரு வாய் குடிங்கண்ணா, வெயில்ல வந்து கீறீங்க" என்றாள்.

"இப்பத்தான் வூட்ல குடிச்சிட்டு வந்தேன்" என்றேன்.

குடிக்கவில்லை. வெயிலில் நடந்து வந்த தாகம் எனக்கும் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குத் தெரியும். அண்டா வாங்கியபோது தெரியும். சாம்பிராணி போட்டு மூடியபோதே தெரியும்.

அவளுக்கு அப்புறம் தெருவுக்குத் தெரு ஆரம்பித்தது. பாடை கட்ட மூங்கில் எல்லோரும் என் கொல்லையில்தான் வெட்டினார்கள். வேண்டாம் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

நீங்கள் வந்ததும் குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஊர் போர்வெல் குழாயில் பிடித்தீர்கள், எந்த வீட்டு டிரம்மிலும் பிடிக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் போர்வெல்லை மூட வேண்டும் என்று முதலில் எழுந்து சொன்னவன் நான்தான். ஜனங்கள் பயந்து கிடந்தார்கள். எதையாவது ஒன்றை மூடினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும் என்று தோன்றியது. நேற்று பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

நாளையிலிருந்து லாரித் தண்ணீர். அது தினமும் வராது, வரும்போது நிறையப் பிடித்து வைத்தாக வேண்டும். காலையிலேயே தைலம்மாள் வந்துவிட்டாள். "மாமா, அம்மாவோட டிரம்மு ஒண்ணுதான் கீது, பத்தாது. இன்னொண்ணு குடுங்க" என்றாள். வாசலில் நிற்கிறார்களே, அவர்களும் அதற்காகத்தான் நிற்கிறார்கள். ஆபத்துக்கு வந்து நிற்கிறவர்களிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் படித்தவர்கள், சந்தேகமாக இருந்தால் வந்து முகர்ந்து பாருங்கள். வாடை துளிகூட இருக்காது.