வேகம் பாக்கிற துவக்கு

இல்லைத் தம்பி, அதில இருந்தா வெயில் கண்ணுக்க அடிக்கும். இந்த வாங்கில வந்து இருங்கோ, வலைக்கு நேர பின்னால. பந்து வாறது வடிவாத் தெரியும். உங்கட அந்தத் துப்பாக்கி மாதிரி, பந்தின்ர வேகம் பாக்கிற துவக்கைப் பிடிக்கவும் இதுதான் தோது. இந்தாங்கோ, ரோல்ஸ். என்ர மனிசி பொரிச்சது. ஆட்டிறைச்சிதான், பயப்பிடாமச் சாப்பிடுங்கோ. ஐயோ, சைவமோ? சரி சரி, அப்ப தேத்தண்ணியாவது குடியுங்கோ.

சீனிவாசன் எண்டுதானே சொன்னியள்? அமெரிக்காவில இருந்து பேஸ்போலுக்கு ஆள் பிடிக்க ஒருத்தர் வாறார், அதுவும் தமிழாள் எண்டவுடன ஜெர்மனியில இந்த எசன்ல எங்கட சனத்துக்குத் தலைகால் தெரியேல்லை. பெடியன்ர தாய் பற்றிமா விடியவே கெவலார் மாதாவுக்கு மெழுகுதிரி கொழுத்தப் போட்டா. தகப்பன் ஜேசுரட்ணத்துக்கு இண்டைக்கு வேலை, லீவு எடுக்க ஏலாது. காலமை என்ர வீட்டு வாசல்ல வந்து நிண்டான். அண்ணை, நீங்கள்தான் போய் அந்தாளோட இருக்க வேணும், பெடியனைப் பற்றி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிவிடுங்கோ எண்டு கையைப் பிடிச்சான். அதுதான் வந்தனான். நல்ல வார்த்தை சொல்ல.

அந்தா, எறியப் போறான். கிறிஸ்ரியன். காலைத் தூக்கிற வடிவைப் பாத்தியளே? துவக்கு என்ன காட்டுது? தொண்ணூறு மைலோ? ஓம், பதினெட்டு வயசுப் பெடியனுக்கு அது பெரிய விசயம்தான். இன்னும் ரெண்டு வரியத்தில உடம்பு வைக்கும், வேகமும் கூடும் எண்டுறியள். அப்பிடித்தான் எல்லாரும் சொல்லீனம்.

இந்த விளையாட்டோ? எங்கட ஆக்கள் கிரிக்கெட் எண்டா உயிரை விடுவினம், இதை ஆர் கண்டது? என்ர மகன் பென்ஜமின்தான் பள்ளிக்கூடத்தில ஒரு வாத்தியாரிட்டைப் பழகினவன். அவன்தான் இவனையும் கையோட கூட்டிக்கொண்டு வந்து இதில விட்டவன். பந்தை விரலுக்க எப்பிடிப் பிடிக்கிறதெண்டு காட்டிக் குடுத்ததே அவன்தான். இப்ப நீங்கள் பாத்துத் தலையாட்டினியளே, அந்த வளைஞ்சு விழுகிற பந்து? அது என்ர பிள்ளையின்ர பந்து.

பென்ஜமின் இஞ்ச இல்லை. டயர்க் கடையில அவுஸ்பில்டுங், வேலை பழகிறான். சனிக்கிழமையும் வேலைதான். விளையாட்டை விட்டிட்டான். ஏனெண்டா, இஞ்ச பதினெட்டு முடிஞ்சா இளைஞர் அணியில வைச்சிருக்க மாட்டினம். பெரியாக்களின்ர அணிக்குப் போனான், அங்க முழு ஆம்பிளையள். ஒரு வரியம் தண்ணிப் போத்தில் தூக்கினான், பிறகு கையுறையைக் கொண்டுவந்து கராஜ்ஜுக்க எறிஞ்சான். அதில இப்பவும் கிடக்கு. எடுக்கவும் மனமில்லை, குப்பையில போடவும் மனமில்லை.

கிறிஸ்ரியன் மட்டும் சின்னப் பெடியளோட நிண்டிட்டான். மீசை முளைக்காத பெடியள், இவன்ர பந்தைக் கண்டா கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையை வீசுவாங்கள். பிறகென்ன, பேப்பரில படம், ஜெர்மன் இளைஞர் அணி, இப்ப அமெரிக்காவில இருந்து நீங்கள். அதிர்ஷ்டம் எண்டு சொல்லீனம். ஓமோம், அதிர்ஷ்டம்தான்.

கோவமோ? எனக்கோ? சீச்சீ. இவன் எனக்குப் பிள்ளை மாதிரி. மாதிரி என்ன, ஞானஸ்நானத்துக்குத் தூக்கினதே நான்தான், இவன்ர ஞானத் தகப்பன். அங்க ஊரில, குருநகர்க் கோயில்ல, ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரே நாள். பென்ஜமினை ஜேசுரட்ணம் தூக்கினான், இவனை நான். தலையில தண்ணி பட இவன் வீரிட்டுக் கத்தினான், பாத்திட்டு என்ர பிள்ளையும் கத்தினான். ஃபாதருக்கே சிரிப்பு. ரெண்டும் கைக்குழந்தையள், ஒரு மாத வித்தியாசம்தான்.

என்ன கேட்டனீங்கள்? பென்ஜமினுக்கோ? இருபது.

ஓம் தம்பி. இவனுக்கும் அதேதான். நீங்கள் விரல் மடிக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் இவனை வேற ஆற்றையோ பிள்ளையின்ர பாஸ்போட்டில பிளேன் ஏத்தினவன், அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வயசு குறைவு. இஞ்ச வந்து இறங்கினவுடன ஜேசுரட்ணம் பயத்தில அகதிப் பதிவிலயும் அந்த வயசையே சொல்லிப்போட்டான். பேரைப் பிறகு எப்பிடியோ திருத்தினான், வயசு அப்பிடியே நிண்டிட்டுது. எங்கட சனத்தில எத்தினை பேருக்கு இப்பிடி வேற வயசு இருக்கு. ஆரும் ஆரையும் காட்டிக் குடுக்கிறேல்லை. நானும் இவ்வளவு காலம் வாய் திறக்கேல்லை. நான் வரேக்க பென்ஜமின்ர வயசை உள்ளதை உள்ளபடி சொன்னனான். உண்மையைச் சொன்னவன்ர பிள்ளை இப்ப டயர் கழட்டுது.

அங்க பாருங்கோ, கை காட்டிறான். எனக்குத்தான். மாமா, நல்லாச் சொன்னீங்களோ எண்டு கேக்கிறான். ஓமடா மோனை, சொல்லிப்போட்டன்.

ஏன் தம்பி துவக்கை உறைக்குள்ள வைக்கிறியள்? ஆட்டம் இன்னும் முடியேல்லை. இருந்து பாத்திட்டுப் போங்கோவன், பிள்ளை நல்லா எறியிறான்.