பவுனம்மாளுக்குக் கொடுத்த திதி

காலையிலிருந்து கரண்டு இல்லை, பாய். ஃபேன் ஓடாது. ஜன்னல் பக்கமாக உட்காருங்கள், கொஞ்சமாவது காற்று வரும்.

நீங்கள் இரண்டு பக்கமும் சேராத வக்கீல், ரஹ்மத்துல்லா பாயிடம் வயிரவன் வாயைத் திறக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் கோயில் ஆட்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். ரங்கூனில் நம் தமிழ் ஆட்கள் மிச்சம் இருப்பதே கொஞ்சம். அதில் பாதிப் பேர் பவுனம்மாளை என் வீட்டு அடிமை என்கிறார்கள், பாதிப் பேர் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். திருவிழாவுக்கு இரண்டு கமிட்டி, அன்னதானத்துக்கு இரண்டு அடுப்பு. அடிமை என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? தாகேதாவில் கட்டிக்கொடுத்த என் மகள் சுமதி. பெற்ற தகப்பனோடு பேச்சுவார்த்தை இல்லை. எனக்கு வருத்தம்தான். அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பவுனு கேட்டனுப்பியது ஒன்றுதான் என்கிறீர்கள். போன வைகாசியில் செத்துப்போன அம்மா, அதற்கு முன் ஒரு தடவையாவது தன்னைத் தேடி வந்தாளா என்று. சொல்கிறேன். முறையாகச் சொன்னால்தான் புரியும்.

அவள் வந்தபோது பதினொரு வயது. ஐராவதி டெல்டா பக்கம் வயல் வேலை செய்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொல்லித்தான் அழைத்து வந்தேன். அந்த வருடம் என் மனைவி ராமலெட்சுமிக்கு முடக்குவாதம் வந்தது. அவள் பவுனுவின் கைக்குப் பழகிவிட்டாள். பள்ளிக்கூடம் தள்ளிப்போனது. சம்பளம் கொடுத்தாயா என்று சுமதி கேட்கிறாள். வீட்டுப் பிள்ளைக்கு எவன் சம்பளம் கொடுப்பான்?

பதினேழு வயதில் பவுனுக்கு அவள் வீட்டார் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். வைகாசியில் வந்து அழைத்துப் போகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். சித்திரையில் நர்கீஸ் புயல் அடித்தது. புயலை நான் வரவழைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் அண்ணன் ரெங்கசாமி வந்தான். எல்லாரும் பிழைத்து, மாவ்பியில் ஒரு தோட்டத்தில் ஒதுங்கியிருந்தார்கள்.

"பவுனு எங்கங்க?" என்றான்.

"உங்களப் பாக்கணும்னு புயலுக்கு முந்துன நாளு கெளம்பிப் போச்சேப்பா. வந்து சேரலையா?" என்றேன்.

படியில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது, அதில் பொய்யில்லை. பவுனு அப்போது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனபிறகு அவளைக் கூப்பிட்டு, ஊரே தண்ணீரோடு போய்விட்டது, ஒருத்தரும் மிச்சமில்லை என்று சொன்னேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து ராமலெட்சுமியைக் குளிப்பாட்டினாள்.

திதியில் நான் குறை வைத்ததே இல்லை, பாய். எங்கள் கோயிலில் ஆடி அமாவாசைக்கு இறந்தவர் பெயரையும் கொடுப்பவர் பெயரையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், குருக்கள் மைக்கில் வாசிப்பார். நான் செயலாளர். சீட்டெல்லாம் என் கைக்குத்தான் வரும். பவுனு சொல்லச் சொல்ல, அவள் வீட்டார் பெயர்களை நானே எழுதுவேன். ரெங்கசாமி மாவ்பியிலிருந்து தங்கச்சி பெயருக்குச் சீட்டு அனுப்புவான். அதை மட்டும் தனியே எடுத்து, ஆள் சேருவதற்கு முன்னால் சன்னிதியில் நானே வாசித்துவிடுவேன். ஒரு வருடம்கூட விட்டதில்லை. பிண்டத்துக்குச் சோறு பவுனு வடித்தது. குழையாமல் வடிப்பாள்.

இந்த வருடம் எனக்குக் கண் ஆபரேஷன். சீட்டுக் கட்டு நேராகக் குருக்களிடம் போய்விட்டது. பவுனு கோயிலில் அன்னதானத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "இறந்தவர் பவுனம்மாள். கொடுப்பவர் தமையன் ரெங்கசாமி, மாவ்பி" என்று மைக்கில் வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அது நாந்தான் சாமி. நான் உசிரோட இருக்கேன்."

அன்றைக்கே கோயில் இரண்டாகிவிட்டது. மறுநாள் ரெங்கசாமி வந்து அவளை அழைத்துப் போனான். நான் தடுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மா வந்தாள். ஒரே ஒரு தடவை, போன தை மாதம். மகள் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மூச்சு வாங்க நாலு மாடி ஏறித் தனியாக வந்தாள். பவுனு பெயர் அரசாங்கத்தில் பதிந்த எங்கள் குடும்பப் பட்டியலில் கிடையாது. வார்டு ஆபீசிலிருந்து ஆள் எண்ண வந்தால் அடுப்படிக்குள் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அன்றைக்கும் வார்டு ஆபீஸ் ஆள் என்றேன். பவுனு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"இங்கதான் படுப்பாளா?" என்றாள் கிழவி. ஆமாம் என்றேன். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கதவிடுக்கில் பவுனிடம் ஒரு டீ போடச் சொல்லி வாங்கி வந்து, என் கையால் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். "டீ நல்லா இருக்கு" என்றாள்.

பவுனிடம் இதை அவசியம் சொல்லுங்கள், பாய். கடைசியாக அம்மாவுக்கு அவள் கையால் டீ கொடுக்க வைத்தது நான்தான். அடிமையாக நினைத்தவன் அதைச் செய்வானா?