பாடு போடும் மெஷின்

கம்ப்யூட்டருக்கு உப்புக் காற்று ஆகவே ஆகாது. கோட்டைக்குப்பத்தில் யார் வீட்டிலும் ஒரு டிவி நாலைந்து வருஷத்துக்கு மேல் உருப்படியாக ஓடியதில்லை. அதனால் சங்கக் கட்டடத்தில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் அடிக்கடி நின்றுபோகிறது என்று நான் சொன்னபோது யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நீ ஒருத்திதான் பேசினாய், திவ்யா. நேற்று ஸ்க்ரூ டிரைவரோடு போய் அதைத் திறந்து, எப்போது எப்படி நின்றது என்று அதில் பதிவாகியிருந்ததையும் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தாய். "சித்தப்பா, உள்ள இருக்கற மெஷின் தானா நின்னுச்சா, யாராவது நிறுத்தினாங்களா?" என்று கேட்டாய். நான் ஷட்டரை இறக்கினேன். இன்றைக்கு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறாய். உன் நைனா வரதனுக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இனிமேல் உன்னிடம் மறைத்து நான் என்ன கட்டிக்கொள்ளப் போகிறேன்? சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தேதான் சொல்வேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். ரிப்பேர் வேலை பார்த்துப் பழகிய புத்தி.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அதுதான் பாடு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம் பாடு விழுந்தவனுக்கு அந்த வருஷம் இறாலுக்குக் குறைவிருக்காது. வடக்கே சேறு தட்டிய பக்கம் விழுந்தவன் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான். முன்பெல்லாம் அம்மனுக்குக் கற்பூரம் காட்டி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டுச் சொம்பிலிருந்து சீட்டு எடுப்பார்கள். சீட்டை மடித்ததில் தில்லுமுல்லு என்று ஒரு வருஷம் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகுதான் சங்கத் தலைவர் தருமலிங்கம் என்னைக் கூப்பிட்டு, "தேவேந்திரா, கம்ப்யூட்டர்ல போட முடியுமாபா?" என்று கேட்டார்.

ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருத்தன். படகில் ஏறத் தெரியாதவனும் நான் ஒருத்தன்தான். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனாலே எனக்குக் குடல் வெளியே வந்துவிடும். என் வயதுப் பையன்கள் எல்லாம் கடலுக்குப் போனபோது நான் பொன்னேரிக்கு ரயிலேறிப் போய் ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

அந்த டெஸ்க்டாப்பில் இருந்தது விண்டோஸ். மானிய விண்ணப்பம், ஆதார் பிரிண்ட், பையன்கள் பென் டிரைவில் கொண்டுவரும் சினிமா என்று சகலமும் அதில்தான். ஊரில் உள்ள வைரஸ் எல்லாம் அதில் இருந்தது. அதில் பாடு போட்டால் நாளைக்கு எவனாவது கை வைத்தான் என்று பேச்சு வரும். அதனால் அதற்குள்ளேயே லினக்ஸ் போட்டு ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்தேன். ஒரே வீட்டில் தடுப்புக் கட்டி உள்ளே இன்னொரு குடித்தனம் வைப்பது மாதிரி. உள்ளே இருக்கும் அந்த மெஷினுக்குப் பாடு போடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒவ்வொரு பெயராக வரும், பக்கத்தில் இடம் வரும். ஊரே உட்கார்ந்து பெரிய டிவியில் பார்க்கும். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அதையாவது நீ நம்ப வேண்டும்.

முதல் வருஷம் பாதிப் பெயர்கள் வந்திருந்தன. அப்போது வரதன் பெயர் வந்தது, பக்கத்தில் முகத்துவாரம் என்று வந்தது. உன் நைனா எழுந்து நின்று கையைத் தட்டினான். அப்படியே திரை உறைந்துபோனது. மவுஸ் நகரவில்லை, ஒன்றும் நகரவில்லை. அன்றைக்கு அடிதான் என்று நினைத்தேன். தருமலிங்கம் எழுந்தார்.

"பாதில நின்னா அம்மனுக்கு மனசு இல்லனு அர்த்தம். சொம்பு சாஞ்சா மறுசீட்டு எடுக்கலயா? இதுவும் அப்டிதான். கற்பூரம் ஏத்து, முதல்லேர்ந்து போடுபா."

ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. மறுபடி போட்டேன். வரதனுக்குச் சேற்றுப் பக்கம் விழுந்தது. "உடு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவனே சிரித்துக்கொண்டு போனான்.

எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து கோளாறு என்ன என்று பார்த்தேன். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இருக்கிற மெமரியில் முக்கால்வாசியை உள் மெஷினுக்கே எழுதி வைத்திருந்தேன். வெளியே விண்டோஸுக்கு மூச்சு முட்டியது. போதாக்குறைக்கு மெமரி கார்டின் பித்தளைக் கால்கள் உப்பில் பச்சை பூத்திருந்தன. கார்டைக் கழற்றி ரப்பரால் தேய்த்து, உள் மெஷினின் மெமரியைக் குறைத்து வைத்தால் தீர்ந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து செய்யலாம் என்று வெளியே போனேன்.

டீக்கடையில் வரதன் இருந்தான். என்னைப் பார்த்ததும், "இவன் படகுல ஏறினா வாந்தி எடுப்பான். இவன் கை பட்டுப் பட்டு அந்த மெஷினுக்கும் அதே பழக்கம் வந்துட்ச்சு" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் எனக்கும் ஒரு டீ சொன்னான். சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான், வாய்தான் நீளம், மனசில் ஒன்றும் கிடையாது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் டீ குடித்துவிட்டு நான் சங்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

அடுத்த வருஷமும் பாடு நாள் வந்தது. இந்தத் தடவை மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. பெயர்கள் வந்தன. வரதன், முகத்துவாரம். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, உன் மெஷினுக்கு இன்னைக்கு வயிறு சரியா கீதா?" என்று கத்தினான். என் கை கீபோர்டு மேல் இருந்தது. உள் மெஷினை வெளியிலிருந்தே சட்டென்று நிறுத்துவதற்கு ஒரு வழி உண்டு, நேற்று நீ கண்டுபிடித்ததுதான். கரண்டைப் பிடுங்கினது மாதிரி நின்றுவிடும். நான் நிறுத்தினேன். டிவி கறுத்தது. கற்பூரம் ஏற்றினார்கள். மறுபடி போட்டேன். மறுபடியும் அவனுக்கு முகத்துவாரம். மறுபடியும் நிறுத்தினேன்.

அப்போதுதான் கூட்டம் முதல்முதலாக மெஷினைப் பார்க்காமல் வரதனைப் பார்த்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் நான் யாருக்கும் நல்ல இடம் வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு இறால்கூட எவன் கையிலிருந்தும் வாங்கவில்லை. லாபத்துக்காகச் செய்தேன் என்று நீ நினைத்தால் அது பொய். அவனுக்கு விழக் கூடாது, அவ்வளவுதான். இதைச் சொல்லும்போதே எனக்குக் கூசுகிறது. லாபத்துக்குச் செய்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

மூன்றாவது தடவை அவனுக்குச் சேற்றுப் பக்கம் விழுந்தது, ஓடவிட்டேன். பிறகு நடந்ததெல்லாம் உன் வீட்டில் நடந்தது, என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். வரதன் பெயர் நல்ல இடத்தில் வந்தால் அம்மன் நிறுத்திவிடுகிறாள் என்று ஊரில் பேச்சானது. அவன் படகில் ஏற ஆள் வரவில்லை. மீன் ஏலத்தில் உன் அம்மா செவ்வந்தி தன் கூடையை வைத்தால் பக்கத்துக் கூடைகள் நகர்ந்தன. வரதன் மொட்டை போட்டான், கோயிலுக்குக் கிடாய் கொடுத்தான். "இன்னா தப்பு பண்ணியோ, சபைல சொல்லிடு, பாரம் எறங்கும்" என்றார் தருமலிங்கம். அவர் கெட்டவர் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னார்.

வரதன் பல நாள் யோசித்திருக்கிறான், என்ன தப்பு செய்தோம் என்று. கடைசியில் சபையில் நின்று சொன்னான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை, காய்ச்சலில் கிடந்த ஒருவருக்குப் பாடு விழுந்த இடத்தில் திருட்டுத்தனமாக வலை போட்டானாம். அதைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றான். ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. திவ்யா, அன்றைக்கு அந்தப் படகில் நானும் இருந்தேன். வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். "கூட யாரு இருந்தது?" என்று சபையில் கேட்டார்கள். "யாரும் இல்ல, நான் மட்டும்தான்" என்றான். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

தூக்கம் போய்விட்டது என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். தூக்கம் வந்தது, சோறும் இறங்கியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் பாடு போடுவதற்கு முன்னால் நீ காலேஜிலிருந்து வந்து கேட்டாய். "சித்தப்பா, மெமரி கார்ட கழட்டித் தேச்சுப் பாத்தியா? உள் மெஷினுக்கு இவ்ளோ மெமரி குடுத்தா வெளிய இருக்கறது எப்டி தாங்கும்?" பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டாய். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால், "காலேஜ் பாடம் வேற, இங்க உப்புக் காத்து வேற. உன் வேலையப் பாரு பாப்பா" என்று நாலு பேர் முன்னால் சொல்லி உன்னை அனுப்பினேன். உண்மையான கோளாறு ஒன்று மெஷினில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அது சரியாகிவிட்டால் போன வருஷம் நின்றதற்கு யார் பதில் சொல்வது?

இந்த வருஷம் நான் கை வைக்கவில்லை. அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். வைக்கக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். ஆரம்பித்துவிட்டுக் கீபோர்டைத் தள்ளி வைத்துக் கைகளை மடியில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு முகத்துவாரம் விழட்டும், ஊர் பார்க்கட்டும், அதோடு எல்லாம் தீரும் என்று வேண்டிக்கொண்டேன். வரதன் பெயர் வந்தது. முகத்துவாரம் என்று வந்தது. திரை உறைந்துபோனது. தானாகவே.

நான் என் கைகளைப் பார்த்தேன், மடியில்தான் இருந்தன. என்ன நடந்தது என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பச்சை பூத்த நாலு பித்தளைக் கால், நான் தேய்க்காமல் விட்டது. தெரிந்தும், ஒரு நொடி எனக்கும் அது அம்மன் செயல் என்று தோன்றியது. அப்படியானால் போன வருஷம் செய்ததும் நான் இல்லையே என்று மனசு லேசானது. சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான்.

வரதன் மறுசீட்டுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து வெளியே போனான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கடல் சீறிக்கொண்டிருந்தது. எல்லோரும் படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவன் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு படகு வந்தது, அவன் வர இரண்டு நாள் ஆனது. விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அவனோடு கடைசியாகப் பேசியது யார் என்று போலீஸ் கேட்டபோது, நான்தான், வலை விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்றேன்.

வலையைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. பாடு போட்ட அன்றைக்குச் சாயந்திரம், பொழுது சாய்வதற்கு முன்னால், அவன் என் கடைக்கு வந்தான். இப்போது நீ உட்கார்ந்திருக்கும் இதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தான். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை. மொட்டைத் தலையில் முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டான்.

"தேவா," என்றான். "எனக்கு அந்த மெஷின் பத்தி ஒண்ணும் தெரியாது. ஊர்ல உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா நம்புவேன். கோளாறு மெஷின்ல கீதா, என் மேல கீதா? அத்த மட்டும் சொல்லிடு."

மெஷினில்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை. ஏன் இத்தனை நாள் சரி செய்யவில்லை என்றுகூட அவன் கேட்டிருக்க மாட்டான். என்னைக் கெட்ட வார்த்தையில் ஒன்று திட்டிவிட்டு, டீ சொல்லு என்றிருப்பான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான்.

நான் மல்டிமீட்டரைக் கீழே வைத்தேன். அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மெஷின நல்லா பாத்துட்டேன் வரதா. அதுல ஒண்ணும் இல்ல."